அறுபத்தொரு சதவீதத்தில் பெய்த மழை

கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், ஒன்பது நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வருகிற புதுக்கண்மாய்பட்டியில், பருத்திக் கிட்டங்கித் தெருவில் மட்டும் மழை பெய்யத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. வேலுத்தாயின் கம்ப்யூட்டருக்குள்ளே இருந்த இன்னொரு கம்ப்யூட்டர் செத்து விழுந்த அதே நொடியில். மேற்கே அரிசி ஆலைச் சுவரில் ஆரம்பித்து, கிழக்கே டிரான்ஸ்பார்மர் கம்பத்தோடு கத்தரித்தாற்போல் நின்ற அந்த மழை, அடுத்த தெரு வாசலில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வற்றல் ஒன்றைக்கூட நனைக்கவில்லை. இருபது நிமிஷம் பெய்தது. தெருக்காரர்கள் முதலில் கொடியில் கிடந்த துணியை எடுத்தார்கள், பிறகு குடத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள், அதற்கும் பிறகுதான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள்.

வேலுத்தாய் வானத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டர் செத்தால் வருகிற நீலத் திரையை.

"அறுபத்தொண்ணு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "அறுபத்தொண்ணு வரைக்கும் ஏறிட்டு, சனியன், விழுந்துருச்சு."

எதிரே நாற்காலியில் இருந்த காந்திமதிக்கு அது கேட்கவில்லை. ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் போன காது அது. ஆனால் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். மடியில் ஐந்து மாதப் பிள்ளை. பிள்ளையின் கால் பெருவிரலில் ஒரு மஞ்சள் நூல், அதன் மறுமுனை காந்திமதியின் மணிக்கட்டில். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும். பிள்ளை அழுதால் கேட்காது, உதைத்தால் நூல் இழுக்கும். அப்படித்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

வேலுத்தாய் அந்த வட்டாரத்துக்கே காது மெஷின் அக்கா. மதுரையில் அதற்கான படிப்பு படித்துவிட்டு வந்து, அப்பா விட்டுப்போன வீட்டின் முன்னறையில் சுவரெல்லாம் பழைய மெத்தைப் பஞ்சை அடைத்து ஒரு பரிசோதனை அறை கட்டி, பதினாறு வருஷமாக ஊர்க் காதுகளைப் பார்த்துவருகிறவள். காது மெஷின் என்பது கண்ணாடி மாதிரி வாங்கி மாட்டிக்கொள்கிற பொருள் இல்லை. அவரவர் காது எவ்வளவு செத்திருக்கிறது, எந்தச் சத்தத்துக்குச் செத்திருக்கிறது என்று பார்த்து, அந்தக் கணக்கை ஒரு ஒயர் வழியாக மெஷினுக்குள் எழுத வேண்டும். எழுதுவதற்கு ஒரு மென்பொருள் உண்டு. காந்திமதியுடையது என்றைக்கோ ஒரு முகாமில் கொடுத்த வெளிநாட்டு மெஷின். அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. அதற்கு எழுதத் தெரிந்த மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பழைய விண்டோஸ் இருந்த கம்ப்யூட்டரோ சித்திரை வெயிலில் புகைந்து போய்விட்டது.

அதனால்தான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, அதற்குள் விர்ச்சுவல் மெஷின் என்ற ஒன்றைப் போட்டிருந்தாள். புது வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, பழைய வீட்டை அதன் ஜன்னலும் தாழ்ப்பாளும் கெட்ட குணமும் மாறாமல் அப்படியே அந்த அறைக்குள் குடிவைக்கிற மாதிரி. உள்ளே இருக்கிற பழைய கம்ப்யூட்டருக்குத் தான் இன்னொன்றின் வயிற்றுக்குள் இருக்கிறோம் என்பதே தெரியாது. தன்பாட்டுக்கு அது ஓடும். ஓட வேண்டும்.

"என்னக்கா, மழையா?" என்று கேட்டாள் காந்திமதி, ஜன்னலைப் பார்த்து. அவள் குரல் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் வரும்.

"மழைதான். அதை விடு," என்று வேலுத்தாய் அவள் முகத்துக்கு நேரே திரும்பிச் சொன்னாள். "உன் மெஷின்ல பழசு அழிஞ்சுபோச்சு, புதுசு ஏறல. பாதியில நிக்குது. இப்போ இது வெறும் பிளாஸ்டிக்கு. வியாழக்கிழமை வா, சரிபண்ணித் தாரேன்."

முன்பு மங்கலாகவாவது கேட்டுக்கொண்டிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு இன்னும் குறைந்த மாதிரி இருக்கிறது, கொஞ்சம் கூட்டிவையுங்கள் என்று கேட்டுத்தான் காந்திமதி பத்து மைல் பஸ் ஏறி வந்திருந்தாள். வந்தபோது இருந்ததும் இல்லாமல் திரும்பினாள். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலுத்தாய்க்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை எழுபத்துநாலு சதவீதத்தில் விழுந்தது. அரை மணி நேரம் மழை. சனிக்கிழமை பன்னிரண்டிலேயே விழுந்தது, தூறலோடு நின்றது. அந்தத் தூறலில் நனைந்தபடிதான் எதிர்வீட்டுச் சீனியம்மா படியேறி வந்தாள். ஐம்பத்தைந்து வயது, கிட்டங்கித் தெருவின் குழாயடிச் சண்டைகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுதுகிறவள்.

"வேலு, ஒன் வீட்டுல டொங்குன்னு ஒரு சத்தம் வருதுல்ல?"

"கம்ப்யூட்டரு விழுற சத்தம், மதினி. எரிச்சலக் கெளப்பாதீக."

"அது வந்ததும் இங்க மழை வருது. மூணு தடவ பாத்துட்டேன். நீ கவனிக்கலையா?"

"எனக்கு இருக்கிற வேலைக்கு மழையக் கவனிக்கவா நேரம்?"

சீனியம்மா மெதுவாகத் தலையாட்டினாள். "சரித்தா. நீ ஒன் வேலையப் பாரு. விடாமப் பாரு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

யாரும் அதிசயப்படவில்லை. ஒன்பது நாளைக்கு ஒருமுறை தண்ணீர் பார்க்கிற ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற வழக்கம் கிடையாது. எத்தனை குடம் என்றுதான் கேட்பார்கள். ஒரு வாரத்தில் தெருவில் ஒழுங்கு வந்துவிட்டது. வேலுத்தாய் வீட்டு முன்னறை ஜன்னல் திறந்தால் வேலை ஆரம்பம் என்று அர்த்தம். உடனே குடம், அண்டா, பிள்ளை குளிப்பாட்டும் பிளாஸ்டிக் டப்பு, இட்லிக் கொப்பரை எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். அப்பளம் காயப்போடுகிற தங்கபாய் மட்டும் முறத்தோடு தெருமுனையில் நின்று, ஜன்னலைத் திட்டிவிட்டு டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் போய்க் காயப்போட்டாள். என்ன மாதிரி விழுந்தால் என்ன மாதிரி மழை என்பதும் தெருவுக்கு மனப்பாடம் ஆனது. திரை உறைந்து நின்றால் தூறல். நீலத் திரை வந்தால் நல்ல மழை. உள்கம்ப்யூட்டர் மட்டும் இல்லாமல் வெளிக்கம்ப்யூட்டரும் சேர்ந்து கறுத்துப்போனால் இடியோடு ஆலங்கட்டி. காலையில் கோலம் போடுகிறபோது ஒருத்தி இன்னொருத்தியிடம், "இன்னைக்கி நீலமா கறுப்பா, என்ன தோணுது ஒனக்கு?" என்று கேட்டாள். கண்மாய்ப் பக்கமிருந்து தவளைகள் குடும்பத்தோடு தெருச் சாக்கடைக்குக் குடிவந்தன. அடுத்த தெருவிலிருந்து மூன்று குடும்பங்கள் இங்கே வாடகைக்கு வீடு கேட்டன. மழை அளக்கிற அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, அளவுப் பாத்திரத்தை வைத்துவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு நாளும் வேலுத்தாய்க்குக் காய்ச்சல், ஜன்னல் திறக்கவில்லை. மழை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

வேலுத்தாய்க்கு இது எதுவுமே பொறுக்கவில்லை. சரி, மழை பெய்கிறது, பெய்துவிட்டுப் போகட்டும். ஆனால் தன் கை தோற்கிற ஒவ்வொரு முறையும் வாசலில் குலவை எழுவதை எந்தப் பெண்ணால் தாங்க முடியும்? நீலத் திரை வந்து அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள், வெளியே "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கைதட்டுவார்கள். யாராவது ஒருத்தர் தட்டில் பணியாரம் கொண்டுவந்து வைப்பார்கள். "கஷ்டப்பட்டு விழ வைக்கிறீக, சாப்பிடுங்க தாயி."

"நான் விழ வைக்கல! நான் விழாம இருக்கத்தான் பாடுபடுறேன்!"

"அதான் தாயி சொல்றோம். பாடுபடுறீக."

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற டெய்சி, வேலுத்தாயோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவள். வேலுத்தாய் தினமும் போனில் அவளைப் பிடித்தாள். டெய்சி சொன்னதையெல்லாம் செய்தாள். உள்கம்ப்யூட்டருக்கு ஒதுக்கிய நினைவகத்தைக் குறைத்தாள், பிறகு கூட்டினாள். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்து, உள்ளே போய், மெய்நிகர் வசதி என்று ஒன்று அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள், அணையவில்லை. புது விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கிற ஒரு பாதுகாப்பு வசதி இதோடு மல்லுக்கு நிற்கலாம் என்றாள் டெய்சி, அதை அணைத்தாள். படங்களை வேகமாகக் காட்டுகிற வசதியை அணைத்தாள். வைரஸ் காவல்காரனை ஒரு மணி நேரம் தூங்கப் போட்டாள். யுஎஸ்பி ஒயரை முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினாள். விர்ச்சுவல் மெஷினை அடியோடு அழித்துவிட்டு, பழைய விண்டோஸை முதலிலிருந்து போட்டாள். அதற்கே ஒரு பகல் போனது. மறுநாள் ஐம்பத்தெட்டில் விழுந்தது.

"லாக் ஃபைல்ல, அது எழுதி வைக்கிற குறிப்புல, கடைசி வரி என்ன சொல்லுது?" என்று டெய்சி கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு சொல்லுதுடி. நேத்து சொன்னத இன்னைக்கிச் சொல்ல மாட்டேங்குது. பொய்சாட்சி மாதிரி."

"அங்க என்னடி அவ்வளவு சத்தம்? மழையா?"

"மழை இல்ல. கிராஷு."

டெய்சி சிரித்தாள். வேலுத்தாய் போனை வைத்துவிட்டாள்.

ஆவணி பிறந்ததும் வார்டு கவுன்சிலர் சௌந்தரராசு வந்தார். வெள்ளைச் சட்டைப் பையில் பேனா, கையில் தெரு முழுதும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். "வாரத்துக்கு ரெண்டு தடவ, செவ்வாயும் சனியும், காலையில பத்து மணிக்கு விழ வைச்சீகன்னா ஜனங்களுக்கு வசதியா இருக்கும்," என்றார்.

"இது என்ன மோட்டார் போட்டு விடுற தண்ணியா?"

"மோட்டார விட லேசு. நீங்களா அணைச்சுவிட்டா முடிஞ்சுபோச்சு."

அவர் முன்னாலேயே வேலுத்தாய் எழுந்து போய், உள்கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்கினாள். இருவரும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். ஒரு மேகம் வந்தது, தெருவை ஒரு பார்வை பார்த்தது, போய்விட்டது. இன்னும் இரண்டு முறை பிடுங்கினாள். மேகம்கூட வரவில்லை. பொய்யாக விழுந்தால் பெய்யாது என்பது அப்படித்தான் தெரிந்தது. மெஷினுக்குள் எழுதிக்கொண்டிருக்க வேண்டும், ஏறிவிடும் என்று வேலுத்தாய் நிஜமாகவே நம்பிக்கொண்டிருக்க வேண்டும், அப்போது விழ வேண்டும்.

"அப்பச் சரி," என்றார் கவுன்சிலர் தாளை மடித்தபடி. "நீங்க பாட்டுக்கு நம்பிக்கையா வேலையப் பாருங்க. அவசரமில்ல."

அவசரமில்லை என்பதுதான் தெருவின் பேச்சாக இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காந்திமதி வந்தாள், தெரு அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளையை வாங்கிக்கொள்ள நாலு கை நீண்டது. சோறு போட்டார்கள், தலைக்குப் பூ வைத்தார்கள், சீனியம்மா தன் வீட்டு உத்தரத்தில் பிள்ளைக்கென்றே ஒரு தொட்டில் கட்டினாள். "மெதுவா ஆகட்டும் கண்ணு. நல்ல வேலைன்னா நாளாகத்தான் செய்யும்," என்று உதட்டை அகலமாக அசைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். காந்திமதி தலையாட்டினாள். மழை பெய்கிறபோது வாசலில் நின்று, சத்தமில்லாமல் விழுகிற அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சிரித்தாள். தான் காத்திருப்பதால்தான் இது பெய்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வேலுத்தாயும் சொல்லவில்லை. சொல்ல நினைத்த நாளிலெல்லாம் ஒயரைச் சொருகி வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, நண்பகல். தொண்ணூற்றுமூன்று சதவீதம். வேலுத்தாய் மூச்சை அடக்கிக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொண்ணூற்றுமூன்று, தொண்ணூற்றுமூன்று என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது உள்திரை நீலமாகி, வெளித்திரை கறுப்பாகி, பின்னாலேயே தெருவில் இடி விழுந்தது. அதுவரை பெய்யாத மழை அன்று பெய்தது. ஆலங்கட்டி தகரக் கூரைகளில் விழுந்து எழுப்பிய சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேச்சு கேட்கவில்லை. தெரு முழுதும் வெளியே இருந்தது. சீனியம்மா அண்டாவை இழுத்துக்கொண்டு ஓடினாள், தங்கபாய்கூட முறத்தை வீசிவிட்டுக் குடம் எடுத்தாள், கவுன்சிலர் வேட்டியை மடித்துக்கட்டி ஒரு டிரம்மை உருட்டினார்.

காந்திமதி சீனியம்மா வீட்டுப் பின்கட்டில் பிள்ளையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். பிள்ளை முன்னறைத் தொட்டிலில். நூல் அறை நீளத்துக்கு ஓடி அவள் மணிக்கட்டில் கிடந்தது. வாசல் வழியாக வெள்ளம் உள்ளே வந்தது யாருக்கும் தெரியாது. ஈரம் ஏறித் தளர்ந்த தொட்டில் சேலையின் முடிச்சு ஒரு பக்கம் நழுவியதும், பிள்ளை சரிந்து கீழே, கணுக்கால் அளவு தண்ணீரில் வந்து விழுந்ததும் தெரியாது. விழுந்த பிள்ளை கத்தியது. வாசலில் மூன்று கஜ தூரத்தில் காது நன்றாகக் கேட்கிற பதினான்கு பேர் நின்றார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை.

நூல் இழுத்தது. ஒரு முறை, பிறகு படபடவென்று.

காந்திமதி ஓடிவந்து எடுத்தபோது பிள்ளையின் மூக்குவரை தண்ணீர். அவள் போட்ட சத்தம் பேச்சாக இல்லை, வார்த்தையாக இல்லை. தன் குரலே தனக்குக் கேட்காத ஒருத்தியின் வயிற்றிலிருந்து வந்த அந்தச் சத்தம் மட்டும் ஆலங்கட்டியைத் தாண்டித் தெருவுக்குக் கேட்டது. குடங்கள் அப்படியே நின்றன. சீனியம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில், அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, சளி பிடிக்கும், கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அன்று பிடித்த தண்ணீரைத் தெருவில் யாரும் குடிக்கவில்லை. குடத்தில் இருந்ததைச் சாக்கடையில் கொட்டினார்கள். கொட்டும்படி யாரும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள் சீனியம்மா வேலுத்தாயின் படியில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"சரிபண்ணிரு," என்றாள்.

"அதத்தான் மதினி ரெண்டு மாசமாப் பண்ணிக்கிட்டிருக்கேன்! நீங்க எல்லாரும் சேர்ந்து..." வேலுத்தாய்க்கு வந்தது ஆத்திரமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "எத்தன தடவ விழுந்துச்சு, எத்தன தடவ கைதட்டுனீக. ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, ஏறிருச்சான்னு யாராவது கேட்டீகளா?"

சீனியம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டது இதுதான்: "நாங்க என்ன செய்யணும், சொல்லு."

செய்வதற்கு ஒன்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை வருகிறது என்றால் பிழை மென்பொருளில் இல்லை, நினைவகச் சில்லில் இருக்கும் என்று டெய்சி முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு சில்லு. ஒன்று கெட்டிருந்தால், சாதாரண வேலைக்குத் தெரியாது. கெட்ட இடம்வரை கை எட்டாது. விர்ச்சுவல் மெஷின் ஓடும்போதுதான் பெரிய இடமாகப் பிடித்துக்கொண்டு, போய் அந்தப் பொத்தலில் காலை விடும். சோதிக்க ஒரு சோதனை உண்டு. ஆனால் ஆறு மணி நேரம் ஓட வேண்டும், நடுவில் மின்சாரம் ஒரு நொடி இறங்கினாலும் முதலிலிருந்து ஆரம்பம். கிட்டங்கித் தெருவில் மின்சாரம் ஆறு மணி நேரம் நேராக நின்றதாகச் சரித்திரம் இல்லை. யாராவது மோட்டார் போட்டால் போதும், பல்பெல்லாம் கண் சிமிட்டும்.

அன்று காலை எட்டு மணியிலிருந்து பகல் இரண்டு மணிவரை கிட்டங்கித் தெருவில் ஒரு மோட்டார் ஓடவில்லை, ஒரு மிக்ஸி ஓடவில்லை, ஒரு மின்விசிறி சுற்றவில்லை. ஆட்டுக்கல் இருந்தவர்கள் சட்னி அரைத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். கவுன்சிலர் அரிசி ஆலைக்குப் போய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு நாள் அரைக்காவிட்டால் ஊர் முழுகிவிடாது என்று முதலாளியிடம் பேசிப் பேசியே ஆலையை நிறுத்தி வைத்தார். புழுங்குகிற வெயிலில் பனை விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருந்த தெருக்காரர்கள், மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஐந்தாவது மணி நேரத்தில் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. பிறகு பத்து. பிறகு திரை முழுக்கச் சிவப்பு. வேலுத்தாய் வாழ்க்கையில் ஒரு பிழையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கம்ப்யூட்டரைப் படுக்கப்போட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒரு சில்லை உருவிவிட்டு, மற்றதை மட்டும் வைத்துச் சோதித்தாள், சுத்தம். உருவியது உள்ளங்கையில் இருந்தது, ஒரு சீப்புத் துண்டு அளவுக்கு. அதில் லேசாக ஈரம் இருந்தது. முந்தானையில் துடைத்தாள், மறுபடி ஈரமானது.

ஞாயிற்றுக்கிழமை காந்திமதி வந்தாள். பிள்ளையை யார் கையிலும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வேலுத்தாய் ஜன்னலைத் திறந்தாள். தெருவில் குடங்கள் வரிசையாக இருந்தன. வைத்தவர்களுக்கே வெட்கமாக இருந்தது தெரிந்தது. குடத்தைப் பார்க்காமல் அவரவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போனது. தாகத்தோடு என்ன சண்டை?

கவுன்சிலர் மட்டும் ஜன்னல் அருகே வந்து தொண்டையைச் செருமினார். "இந்தப் பிள்ளைக்கு நல்லபடியா முடிச்சுக் குடுத்துருங்க. அதுல மாத்துக் கருத்தே இல்ல. முடிஞ்ச பிறகு, அந்தச் சில்லைத் திரும்ப மாட்டி வைச்சீகன்னா..."

"மாட்டலாம்," என்றாள் வேலுத்தாய். "சும்மா விழுந்தா பெய்யாதுன்னு உங்களுக்கே தெரியும். நெசமா விழணும். நெசமா விழணும்னா யாரோ ஒருத்தர் காதை அதுல கொண்டுவந்து வைக்கணும், அது பாதியில நிக்கணும். யாரு காதை வைக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

கவுன்சிலர் கை அவரையறியாமல் காதுக்குப் போனது.

"நல்ல காதா இருக்கே," என்றாள் பின்னாலிருந்து சீனியம்மா. "வைக்கிறீரா?"

அவர் தன் டிரம் இருக்கிற இடத்துக்குத் திரும்பிப் போனார்.

வேலுத்தாய் ஒயரைச் சொருகினாள். உள்கம்ப்யூட்டர், பச்சை மேடும் நீல வானமும் உள்ள தன் பழைய முகப்புப் படத்தோடு எழுந்தது. எழுது என்ற பொத்தானை அமுக்கினாள். பன்னிரண்டு. ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று வந்தபோது தெருவில் யாரோ இருமினார்கள். எழுபத்துநாலு. தொண்ணூற்றுமூன்றில் அது நின்றது. நின்றது. வேலுத்தாய் வாய்க்குள் இருக்கிற கெட்ட வார்த்தையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி அதைத் திட்டினாள். தொண்ணூற்றுநாலு. நூறு.

வானம் சுத்தமாக, ஈயம் பூசிய தாம்பாளம் மாதிரி காய்ந்துகொண்டிருந்தது.

"ஏறிருச்சா?" என்று கேட்டாள் சீனியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"ஏறிருச்சு."

சீனியம்மா தலையாட்டினாள். திரும்பித் தெருவைப் பார்த்து, ஏறிருச்சாம் என்று சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. குனிந்து அவரவர் குடத்தை எடுத்தார்கள்.

காந்திமதியின் காதில் மெஷினை மாட்டி, வேலுத்தாய் சின்னச் சக்கரத்தைத் திருப்பினாள். காந்திமதி திடுக்கிட்டாள். தோள் தூக்கிப்போட்டது. கண்ணை விரித்துக்கொண்டு அறை மூலை மூலையாகப் பார்த்தாள். "என்னக்கா அது? டங்கு டங்குன்னு?"

"காலிக் குடம்," என்றாள் வேலுத்தாய். "உள்ள கொண்டு போறாக."

காந்திமதிக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அவள் உறைந்துபோய்ப் பிள்ளையின் வாயைப் பார்த்தாள். ஏழு மாதமாகப் பார்த்த அதே வாய்தான். இப்போது அதிலிருந்து ஏதோ வந்தது.

"அக்கா," என்றாள் பயந்துபோனவளாக, "இவ்வளவு சத்தமாவா கத்துவான்? இத்தன நாளும் இப்படித்தான் கத்திக்கிட்டிருந்தானா?"

"இதவிடச் சத்தமா."

காந்திமதி பிள்ளையை மார்போடு சேர்த்து, மெஷினுக்கு நேராக அந்த வாய் இருக்கும்படி பிடித்துக்கொண்டாள். பசியாற்றவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. பிள்ளை கத்திக் கத்தி ஓய்கிறவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மணிக்கட்டிலிருந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மூன்று மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பியபோது வேலுத்தாய் படிவரை வந்து நின்றாள். தெரு அதற்குள் காய்ந்து, கரிசல் மண் கோடு கோடாக வெடிக்கத் தொடங்கியிருந்தது. சாக்கடைத் தவளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்மாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. நாளைக்கு லாரி வருகிற நாள். குழாயடியில் இப்போதே கல் போட்டு இடம் பிடித்திருந்தார்கள், வேலுத்தாய்க்கு இருபத்தாறாவது இடம்தான் மிச்சம் இருந்தது. உள்ளே மேஜையில் இன்னும் பதினொரு பேருடைய மெஷின் காத்திருந்தது. முதுகு வலித்தது. யாரோடாவது ஒரு முழுச் சண்டை போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, சண்டைக்கு ஆள்தான் இல்லை.

காந்திமதி தெருவின் பாதியைத் தாண்டியிருப்பாள். எதிர்வீட்டு வாசலில் காலிக் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனியம்மா திடீரென்று எழுந்து, இரண்டு கையையும் வாயில் குவித்து, "காந்திமதீ!" என்று கூப்பிட்டாள்.

அந்தத் தெருவில் பின்னாலிருந்து யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்று எல்லாருக்கும் தெரியும். தோளைத் தொட்டுத்தான் நிறுத்துவார்கள்.

காந்திமதி நின்றாள். திரும்பினாள். "என்ன மதினி?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

சீனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, போ," என்றாள். "பஸ்ஸு வந்துரும்."